வீட்டுக் கணினியிலேயே டிசிபி செய்து உங்கள் குறும்படத்தைத் தியேட்டர் திரைக்குக் கொண்டுபோவது எப்படி

பென்டிரைவில் எம்பி4 ஃபைலைப் போட்டுக்கொண்டு தியேட்டர் மாடிப்படி ஏறிப் போனால் ஆபரேட்டர் முதலில் கேட்பது ‘டிசிபி இல்லையா?’ என்றுதான். தியேட்டர் கருவிகள் படிக்கிற டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்தான் டிசிபி. இல்லை என்றால் லேப்டாப்பை ஒரு வயரில் மாட்டி ஏதோ ஓட்டிவிடலாம், ஆனால் அது நீங்கள் ஒரு வருடம் உழைத்த படத்துக்குச் செய்கிற நியாயம் இல்லை. டிசிபி செய்வதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும், அதற்கென்று தனி ஸ்டுடியோவுக்குத்தான் போகவேண்டும் என்று குறும்படம் எடுக்கிற பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. இலவச மென்பொருள் இருக்கிறது, உங்கள் லேப்டாப் போதும், ஒரு ராத்திரி போதும். மென்பொருளை இயக்குவது இதில் சுலபமான பகுதி. அதற்கு முன்னால் ஃபிரேம், நிறம், ஒலி மூன்றையும் தியேட்டருக்கு ஏற்ற மாதிரி சரிசெய்வதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள், அதிலும் ஒலியில் அதிகம். அதனால் அந்தப் பகுதிகளை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன்.

டிசிபி என்றால் என்ன

ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். ஃபிலிம் காலத்தில் படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கும், உள்ளே 35 மில்லிமீட்டர் ரீல்கள் இருக்கும். ஒரு அடிக்கு 16 ஃபிரேம், நிமிடத்துக்கு 90 அடி, 2000 அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். இப்போது அந்தப் பெட்டிக்குப் பதில் இந்த ஃபோல்டர். உள்ளே படத்துக்கு ஒரு எம்எக்ஸ்எஃப் ஃபைல், ஒலிக்கு ஒரு எம்எக்ஸ்எஃப் ஃபைல், கூடவே எதை எந்த வரிசையில் ஓட்டவேண்டும், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சர்வருக்கு, அதாவது தியேட்டரில் படத்தை ஓட்டுகிற கணினிக்குச் சொல்கிற சில சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல்கள்.

எம்பி4-க்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. எம்பி4-இல் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப் படமாக இருக்காது, முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்து வைத்திருக்கும். டிசிபியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி ஜேபெக் 2000 படம், 12 பிட் நிறத்தில். பக்கத்து ஃபிரேமை நம்பி எதுவும் இல்லை. இதனால்தான் அளவு பெருக்கிறது. அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் விநாடிக்கு 250 மெகாபிட், அதாவது விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 1.3 எம்பி. 15 நிமிடப் படம் 100 மெகாபிட்டில் 11 ஜிபி சொச்சம் வரும், 250-இல் 28 ஜிபி.

இந்த விதிகளெல்லாம் ஏழு ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2002-இல் சேர்ந்து அமைத்த டிசிஐ என்ற குழு போட்டவை. முதல் பதிப்பு 2005 ஜூலையில் வந்தது. அவர்கள் அன்று உட்கார்ந்து ஒரே தரத்துக்கு ஒப்புக்கொண்டதால்தான் இன்று திருநெல்வேலியில் ஒரு கல்லூரி மாணவர் செய்த ஃபோல்டர் அப்படியே பாரிஸில் உள்ள தியேட்டரிலும் ஓடுகிறது. எனக்கு இது இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது. பிரிண்ட் போடக் காசில்லாமல் அலமாரியிலேயே கிடந்த படங்கள் எத்தனை!

முதலில் ஒரு ஃபோன் போடுங்கள்

எடிட்டிங் மேஜையில் உட்காருவதற்கு முன்பே, படம் எங்கே ஓடப்போகிறதோ அந்தத் தியேட்டர் ஆபரேட்டரிடம் பேசுங்கள். டிசிஐ தரத்து சர்வரா என்பதுதான் முதல் கேள்வி. நம் ஊரில் டிஜிட்டல் வந்த காலத்தில் டிசிஐ தரத்துக்குக் கீழே, இ-சினிமா என்ற வகையிலும் நிறையக் கருவிகள் தியேட்டர்களுக்குள் போயின. அந்த வகை சர்வர் என்றால் நீங்கள் செய்த டிசிபியை நேராகப் போட முடியாது, அந்தக் கருவியை வைத்த நிறுவனம் வழியாகத்தான் படம் உள்ளே போகவேண்டும். டிசிஐ சர்வர் என்றால் அடுத்ததாக மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: திரை அகலமான ஸ்கோப்பா, அகலம் குறைந்த ஃபிளாட்டா, 5.1 என்கிற ஆறு சேனல் ஒலி இருக்கிறதா, யுஎஸ்பி டிரைவ் எந்த ஃபார்மேட்டில் வேண்டும்.

கருவி வைத்த நிறுவனம் ஏன் நடுவில் வருகிறது என்று புதிதாக வருபவர்களுக்குப் புரியாது. ஒரு புரொஜெக்டரும் சர்வரும் வாங்கிப் போட தியேட்டர்காரருக்குப் பெரிய செலவு, பிரிண்ட் செலவு மிச்சமாவதோ தயாரிப்பாளருக்கு. ஆகவே டிஜிட்டல் நிறுவனங்கள் கருவியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஓடுகிற ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்பாளரிடம் ஒரு கட்டணம் வாங்கின. இதற்கு விபிஎஃப் (வர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ) என்று பெயர். அமெரிக்காவில் பிறந்த ஏற்பாடு இது. அங்கே கருவிச் செலவு அடைந்ததும் நிற்கவேண்டிய கட்டணமாக இருந்தது, இங்கே நிற்கவே இல்லை என்பதுதான் தயாரிப்பாளர்களின் புகார். இந்தச் சண்டையில்தான் 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை தமிழில் புதுப்படமே வெளியாகாமல் இருந்தது. இன்னொரு பக்கம், இந்தியாவில் இந்த மாற்றத்தை முன்னால் நின்று நடத்தியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. டிஜிட்டல் சினிமா நிறுவனமான கியூப், 1986-இல் ஜெயேந்திராவும் செந்தில் குமாரும் சென்னையில் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனத்திலிருந்து வந்ததுதான். குறும்படத்துக்கு விபிஎஃப் தலைவலி பொதுவாக வராது. ஆனாலும் ஆபரேட்டர் ‘கம்பெனியிடம் கேட்கணும்’ என்று சொன்னால் அவர் தட்டிக்கழிக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

ஃபிரேம் ரேட்

இனிமேல்தான் ஷூட்டிங் என்றால் விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுங்கள், கதை முடிந்தது. டியூப்லைட் மினுங்கும் என்று பயந்து 25-க்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50-இல் வைத்தால் 24-இலும் மினுங்காது.

ஏற்கெனவே 25-இல் எடுத்துவிட்டீர்கள் என்றால் இரண்டு வழி. எஸ்எம்பிடிஇ என்ற புது வகை டிசிபியில் 25-ஐ அப்படியே வைக்கலாம், இன்றைய சர்வர்களில் பெரும்பாலும் ஓடும், ஆனால் தியேட்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இல்லை என்றால் படத்தை 24-க்கு மெதுவாக்கலாம். 15 நிமிடப் படம் 37 விநாடி நீளும், கண்ணுக்கு எதுவும் தெரியாது, காதுக்குத் தெரியும், ஏனென்றால் சுருதி அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கிவிடும். பாட்டு இருக்கிற படமென்றால் ஒலியை மட்டும் சுருதி மாறாமல் நீட்டித்தரும் மென்பொருளில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். செய்யவே கூடாதது ஒன்று, விநாடிக்கு ஒரு ஃபிரேமைத் தூக்கிப் போட்டு 24 ஆக்குவது. கேமரா பக்கவாட்டில் நகரும் ஒவ்வொரு ஷாட்டிலும் விநாடிக்கு ஒருமுறை படம் விக்கும், பெரிய திரையில் அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

கேமராவில் 24 என்று போட்டிருந்தாலும் பல கேமராக்கள் உண்மையில் 23.976-இல்தான் எடுக்கும். கவலை வேண்டாம், டிசிபி மென்பொருள் படம், ஒலி இரண்டையும் சேர்த்தே 24-க்கு ஏற்றிவிடும், 15 நிமிடத்தில் ஒரு விநாடிகூட வித்தியாசம் வராது. ஒலியைத் தனி ஃபைலாகக் கொடுக்கிறவர்கள் மட்டும் கடைசி வசனத்தில் உதடு சேர்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஃபோனில் எடுத்த படமென்றால் ஃபிரேம் ரேட் ஓடஓட மாறிக்கொண்டிருக்கும், எடிட்டுக்கு முன்பே அதை நிலையான ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள், பிறகு மாற்றுவது பெரிய அவஸ்தை.

ஸ்கோப், ஃபிளாட், நான்கு பக்கமும் கறுப்பு

2கே டிசிபியில் இரண்டு சட்டம்தான் நீங்கள் கவனிக்கவேண்டியது. ஃபிளாட் 1998 x 1080, ஸ்கோப் 2048 x 858. நீங்கள் எடுத்த 1920 x 1080 இரண்டுமே இல்லை. ஃபிளாட்டில் போட்டால் இடமும் வலமும் 39 பிக்சல் கறுப்பு வரும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கெடுதல் வருவது வேறு இடத்தில். சினிமா மாதிரி இருக்கட்டும் என்று எடிட்டிங்கில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போடுவோம் இல்லையா, அதை அப்படியே எடுத்து ஃபிளாட் டிசிபியாகச் செய்து ஸ்கோப் திரை உள்ள தியேட்டரில் போட்டால், படம் திரையின் நடுவில் நான்கு பக்கமும் கறுப்புச் சூழ ஜன்னல் மாதிரி சின்னதாகத் தெரியும். நம் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப்பில் வருவதால் இங்கே திரைகளும் அதற்கேற்ற அகலத்தில்தான் இருக்கும், ஆகவே இந்தத் தவறு இங்கே அடிக்கடி நடக்கிறது. சரிசெய்வது ரொம்ப எளிது: டிசிபி மென்பொருளில் மேலே 138, கீழே 138 பிக்சல் வெட்டிவிட்டு, சட்டத்தை ஸ்கோப் என்று மாற்றுங்கள். மிச்சமிருக்கிற 1920 x 804 அழகாக 2048 x 858-க்குள் உட்கார்ந்துகொள்ளும். பட்டையின் உயரம் உங்கள் டெம்ப்ளேட்டில் வேறாக இருந்தால் எண்ணை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நிறமும் இருட்டும்

தியேட்டர் திரையின் வெள்ளை, டிசிஐ கணக்குப்படி, ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. உங்கள் ஃபோன் திரை அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம். ஃபோனிலும் ஜன்னலோர லேப்டாப்பிலும் பார்த்து நிறம் சரிசெய்த படம் தியேட்டரில் இருண்டு போவதற்கு இதுதான் காரணம். நண்பனின் படத்தில் ராத்திரி சமையலறைக் காட்சி ஒன்று இருந்தது. கரண்ட் போன வீட்டில் ஒரு கை தடவித் தடவித் தண்ணீர்த் தம்ளரைத் தேடும். லேப்டாப்பில் அந்தக் கை, வளையல், தம்ளரின் விளிம்பு எல்லாம் தெரிந்தன. பிரிவியூ தியேட்டரில் தம்ளர் உருண்டு விழுகிற சத்தம் மட்டும்தான் வந்தது, திரையில் ஒன்றுமே இல்லை. ஆகவே நிறம் சரிசெய்வதை ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு, மானிட்டர் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வைத்துச் செய்யுங்கள். இருட்டுக் காட்சிகளில் கண்டிப்பாகத் தெரியவேண்டியது எதுவோ அதை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கினால் வேறு மாதிரி அசிங்கமாகும்.

இன்னொரு பிரச்சினை, கறுப்பு சாம்பலாகத் தெரிவது. வீடியோவில் கறுப்பு, வெள்ளை அளவுகளை 16-லிருந்து 235 வரை வைப்பது ஒரு முறை, 0-லிருந்து 255 வரை முழுதாக வைப்பது இன்னொரு முறை. எக்ஸ்போர்ட் ஒன்றிலும் டிசிபி மென்பொருள் இன்னொன்றிலும் இருந்தால் படத்தின் மேல் புகை படிந்த மாதிரி ஆகும், அல்லது நிழல்கள் விழுங்கப்பட்டுவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மென்பொருள் தானாகப் போடுகிற ஓரத்துக் கறுப்பு எப்போதும் உண்மையான கறுப்பு. படம் முழுக் கறுப்புக்குப் போகிற இடத்தில், டைட்டில் கார்டுக்கு முன்னால் இருக்கும், அங்கே நிறுத்தி ஓரத்தையும் நடுவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோடு தெரிந்தால் ரேஞ்ச் தப்பு.

ஒலி: இங்கேதான் பாதிப் படம்

அதே நண்பனின் படம், அதே பிரிவியூ. நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். படத்தில் அம்மா திரையின் வலது ஓரத்தில் நின்று பேசுகிறார், குரல் இடது மூலையிலிருந்து வருகிறது. அப்புறம் மகன் பேசுகிறான், அதுவும் அங்கேயிருந்தே. 14 நிமிடமும் யார் வாயைத் திறந்தாலும் குரல் என் பக்கத்துச் சுவரிலிருந்துதான் வந்தது. வலது பக்கம் உட்கார்ந்தவரைக் கேட்டால் அவருக்கு எல்லாம் வலதுபுறம்.

காரணம் இதுதான். வீட்டில் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருகிறோம், இரண்டிலும் ஒரே குரல் வந்தால் நடுவிலிருந்து வருவதாகக் காது நம்பிவிடும். அந்த ஏமாற்று நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முந்திக்கொள்ளும், மூளை முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்ளும். தியேட்டரில் திரைக்குப் பின்னால் நடுவில் தனியாக ஒரு ஸ்பீக்கர் வைத்திருப்பதே இதற்காகத்தான். உங்கள் ஸ்டீரியோ ஃபைலில் அதற்கு எதுவும் இல்லாததால் அது சும்மாவே நிற்கும்.

ஆகவே வசனம் நடு சேனலில் இருக்கவேண்டும். டப்பிங், எஃபெக்ட்ஸ், இசை மூன்றும் தனித்தனியாக உங்களிடம் இருந்தால் 5.1 செஷன் ஒன்று திறந்து, வசனத்தை மோனோவாக நடுவில் போடுங்கள். இசை இடம் வலம். மழை, தெரு, கூட்டம் போன்ற சூழல் ஒலியில் கொஞ்சத்தைப் பின் சுவர்களுக்குக் கொடுங்கள், கொஞ்சம்தான், பார்க்கிறவர் திரும்பிப் பார்க்கும்படி ஆகக் கூடாது. அடித்தொனிக்கான எல்எஃப்இ சேனலில் ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்பதில்லை, இடி விழுகிற காட்சி இல்லை என்றால் காலியாகவே விடுங்கள்.

டிசிபியில் சேனல் வரிசை இடம், வலம், நடு, எல்எஃப்இ, இடப்பின், வலப்பின். மிக்ஸிங் மென்பொருள் சிலவற்றில் இடம், நடு, வலம் என்று வரிசை வேறாக இருக்கும், கலந்து போனால் வசனம் வலது ஸ்பீக்கருக்குப் போய்விடும். நான் செய்வது: ஒவ்வொரு சேனலிலும் என் குரலிலேயே அதன் பெயரைப் பதிவுசெய்து, ‘இடம்’, ‘வலம்’, ‘நடு’ என்று வரிசையாகச் சொல்கிற 20 விநாடி டிசிபி ஒன்றைத் தனியாகச் செய்து டிரைவில் வைத்திருப்பேன். எந்தத் தியேட்டரில் நுழைந்தாலும் முதலில் அதை ஓட்டச் சொல்வேன், அரை நிமிடத்தில் தியேட்டரின் வயரிங் சரியா, என் மிக்ஸ் சரியா இரண்டும் தெரிந்துவிடும்.

ஸ்டீரியோ மிக்ஸ் மட்டும்தான் இருக்கிறது, பிரித்துக் கொடுக்க ஆளில்லை என்றாலும் வழி உண்டு. டிசிபி செய்கிற இலவச மென்பொருளான டிசிபி-ஓ-மேட்டிக்கில் மிட்-சைட் டிகோடர் என்று ஒன்று இருக்கிறது, இடத்திலும் வலத்திலும் பொதுவாக இருப்பதை நடுவுக்கும் மிச்சத்தை ஓரங்களுக்கும் பிரிக்கும். வசனம் பெரும்பாலும் பொதுவாகத்தான் இருக்கும் என்பதால் நடுவுக்கு வந்துவிடும். தனியாக மிக்ஸ் செய்ததற்கு ஈடாகாது, ஆனால் அம்மாவின் குரல் சுவரிலிருந்து வருவதற்கு எவ்வளவோ மேல்.

அடுத்தது சத்தத்தின் அளவு. தியேட்டர் ஸ்பீக்கர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: மைனஸ் 20 டெசிபலில் பிங்க் நாய்ஸ் என்கிற சோதனை இரைச்சலை ஓட்டினால், வால்யூம் எண் 7-இல், இருக்கையில் 85 டெசிபல் கேட்கவேண்டும். சினிமா மிக்ஸில் சாதாரணப் பேச்சு மைனஸ் 27 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும். யூடியூபுக்குச் செய்த மிக்ஸ் மைனஸ் 14-ஐ ஒட்டி இருக்கும். அதை அப்படியே கொண்டுபோனால் காதைப் பொத்திக்கொள்ளும்படி இருக்கும், ஆபரேட்டர் வால்யூமை 7-லிருந்து 4-க்கு இறக்குவார், அது 10 டெசிபல் குறைவு. உங்கள் படம் மட்டும் ஓடினால் சரி. விழாக்களில் ஒரே எண்ணை வைத்து வரிசையாகப் பத்துப் படம் ஓட்டுவார்கள், உங்களுக்காக இறக்கினால் அடுத்தவர் படத்தில் வசனம் கேட்காது.

வீட்டில் மிக்ஸ் செய்கிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். மைனஸ் 20 பிங்க் நாய்ஸை ஒரு ஸ்பீக்கரில் ஓட்டி, ஃபோனில் ஒலி அளக்கும் ஆப்பை சி வெயிட்டிங்கில் வைத்து, நீங்கள் உட்காரும் இடத்தில் 79 காட்டும்படி வால்யூமைத் திருப்புங்கள். சின்ன அறைக்கு 85 அதிகம், அதனால் இந்த 79. அந்த இடத்தில் குமிழில் ஒரு டேப் ஒட்டிவிட்டு மிக்ஸ் முடிகிறவரை தொடாதீர்கள். அந்த அளவில் வசனம் இயல்பாகப் பேசுவதுபோலக் கேட்டால் தியேட்டரிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இந்த ஒரு டேப், விலை உயர்ந்த ஸ்பீக்கர்களைவிட எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

சப்டைட்டில்

எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடுங்கள். டிசிபியில் சப்டைட்டிலைத் தனி ஃபைலாக வைத்து சர்வரே திரையில் எழுதும்படியும் செய்யலாம், ஆங்கிலத்துக்கு அது பெரும்பாலும் சரியாக வரும். தமிழ் என்றால் ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் உட்காரவேண்டிய ‘கொ’ மாதிரி எழுத்துக்களைச் சேர்க்கிற வேலையை ஏதோ ஒரு தியேட்டரின் பெட்டியிடம் விடுவது வீண் ஆபத்து. எஸ்ஆர்டி ஃபைலை மென்பொருளில் சேர்த்து, படத்தில் பதிக்கும் விருப்பத்தை டிக் செய்தால் போதும். எழுத்தை ரொம்பக் கீழே வைக்காதீர்கள், திரையின் ஓரத்தில் மறைப்புத் துணி கொஞ்சம் சாப்பிடும்.

மென்பொருளில் செய்யவேண்டியது

எடிட்டிங் மென்பொருளிலிருந்து புரோரெஸ் 422 எச்கியூ அல்லது அதற்கு இணையான 10 பிட் ஃபைலாக மாஸ்டர் எடுங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். யூடியூபில் ஏற்றிய எம்பி4-ஐயே திரும்ப டிசிபியாக்காதீர்கள், ஏற்கெனவே பிழிந்ததை மறுபடி பிழிவதாகும்.

கார்ல் ஹெதரிங்டன் என்பவர் எழுதி இலவசமாகக் கொடுக்கிற டிசிபி-ஓ-மேட்டிக்கைத்தான் நான் பயன்படுத்துகிறேன், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். புது புராஜெக்ட் திறந்து மாஸ்டரைச் சேருங்கள். நிறமாற்றத்தில் ரெக். 709 (எச்டி வீடியோவின் நிறத் தரம்), சட்டம் ஸ்கோப்போ ஃபிளாட்டோ, 2கே, 24, வகை எஸ்எம்பிடிஇ, ரொம்பப் பழைய சர்வர் என்று தியேட்டரில் சொன்னால் இன்டர்ஆப் என்ற பழைய வகை. பிட்ரேட் 100-லிருந்து 150 போதும், குறும்படத்துக்கு 250 வைத்துப் பழைய சர்வரைத் திணற வைக்காதீர்கள். ஒலிப்பக்கம் போய்க் கட்டங்களில் எந்த சேனல் எங்கே போகிறது என்று பாருங்கள். என்கிரிப்ஷன் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அந்த டிக்கைப் பற்றி இரண்டு வரி. பூட்டிய டிசிபிக்கு கேடிஎம் என்ற சாவி வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட நாள் நேரத்திலிருந்து இன்னொரு நேரம் வரை மட்டும் திறக்கும். பெரிய படங்களின் முதல் காட்சி தள்ளிப்போய், ரசிகர்கள் வாசலில் நிற்கும்போது ‘கேடிஎம் இன்னும் வரல’ என்று சொல்வார்களே, அந்தச் சாவிதான். அவர்களுக்குத் திருட்டு பயம், பண பாக்கி எல்லாம் இருக்கிறது. உங்கள் குறும்படத்துக்குப் பூட்டு தேவையில்லை.

பெயர் வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, மென்பொருளே கட்டிக்கொடுக்கும்: படத்தின் பெயர், வகை, சட்டம், மொழி, ஒலி, தேதி என்று வரிசையாக. வகையில் குறும்படம் என்று தேர்ந்தெடுங்கள், மறந்து முழுநீளப் படம் என்று விட்டுவிட்டால் ஆபரேட்டர் பட்டியலில் தேடிக்கொண்டிருப்பார். அப்புறம் ‘மேக் டிசிபி’ கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். 14 நிமிடம் என்றால் 20,160 ஃபிரேம், ஒவ்வொன்றையும் தனியாகச் சுருக்கவேண்டும், என் பழைய லேப்டாப்பில் மூன்று மணிநேரம் ஆனது. காலையில் அதே மென்பொருளோடு வரும் வெரிஃபையரில் ஒருமுறை சோதித்து, பிளேயரில் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். இடையில் தாவாமல் பாருங்கள்.

டிரைவ்

தியேட்டர் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ். ஈஎக்ஸ்டி2 ஃபார்மேட்தான் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு, டிசிபி-ஓ-மேட்டிக்கின் டிஸ்க் ரைட்டர் அதைத் தானே செய்து எழுதிக்கொடுக்கும். எக்ஸ்ஃபேட்டைப் பழைய சர்வர்கள் பல படிக்காது. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் நிற்காது. டிஸ்க் ரைட்டர் டிரைவில் உள்ளதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் எழுதும், எந்த டிரைவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று இரண்டு தடவை பாருங்கள்.

ஃபோல்டருக்குள் இருக்கும் எந்த ஃபைலின் பெயரையும் மாற்றாதீர்கள். நீளமான எண்களும் எழுத்துக்களுமாகப் பார்க்கவே பிடிக்காதுதான், ஆனால் எக்ஸ்எம்எல் ஃபைல்கள் அந்தப் பெயர்களையும் ஒவ்வொரு ஃபைலின் ஹாஷ் எண்ணையும் வைத்துத்தான் சரிபார்க்கின்றன. ஒரு எழுத்து மாறினாலும் சர்வர் உள்ளே ஏற்றாது. இரண்டு டிரைவில் பிரதி எடுத்துப் போங்கள், யுஎஸ்பி போர்ட் ஒத்துவராத தியேட்டர்கள் இருக்கின்றன.

தியேட்டரில்

காட்சிக்கு அரைமணிநேரம் முன்னால் போய் நிற்காதீர்கள். சர்வருக்குள் ஏற்றுவதற்கே நேரமாகும், அதுவும் யுஎஸ்பி 2 என்றால் பொறுமை வேண்டும். முந்தின நாளோ, காலைக்காட்சிக்கு முன்போ ஆபரேட்டரிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், நான் பார்த்த ஆபரேட்டர்களில் பலர் படத்தை நம்மைவிடக் கவனமாகப் பார்க்கிறவர்கள்.

முதலில் சேனல் சோதனை. பிறகு படத்தின் முதல் ஃபிரேமில் நான்கு ஓரமும் தெரிகிறதா பாருங்கள், தெரியவில்லை என்றால் புரொஜெக்டரில் ஸ்கோப்புக்குப் பதில் ஃபிளாட் பிரீசெட் போட்டிருக்கலாம், ஆபரேட்டர் ஒரு பொத்தானில் மாற்றிவிடுவார். அப்புறம் இருட்டான காட்சி, மெதுவாகப் பேசுகிற காட்சி, அதிகச் சத்தமான காட்சி மூன்றையும் ஓட்டச் சொல்லுங்கள். ஏசி ஓடட்டும், ஏசி இல்லாத அமைதியில் கேட்ட கிசுகிசுப்பு காட்சி நேரத்தில் கேட்காது. மூன்றில் இரண்டு பங்கு பின்னால் நடுவில் உட்கார்ந்து வால்யூம் எண்ணை முடிவுசெய்து, அதை ஒரு தாளில் எழுதி ஆபரேட்டர் மேஜையில் ஒட்டிவிட்டு வாருங்கள். கடைசி வரிசைக்கும் போய்ப் பாருங்கள். அங்கே உதடும் குரலும் ஒரு சிட்டிகை விலகினால் பதற வேண்டாம், ஒலி 25 மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் பதினாலில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு ஃபிரேம் நேரம் எடுத்துக்கொள்ளும். நடு வரிசையில் சரியாக இருந்தால் சரி.

பொதுமக்களுக்குத் திரையிடுவது என்றால் 1952 ஒளிப்பதிவுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், குறும்படத்துக்கும்தான். விழாக்களுக்கு விலக்கு வாங்கும் வழி இருக்கிறது, அதை விழா நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வாங்கியிருந்தால் அதன் படமும் டிசிபியில் முதலில் வரவேண்டும், மறந்துவிட்டு டிசிபி முழுவதையும் மறுபடி செய்தவர்களை எனக்குத் தெரியும்.

காட்சி முடிந்ததும் டிரைவை ஞாபகமாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து புரோரெஸ் மாஸ்டர், வசனம், எஃபெக்ட்ஸ், இசை தனித்தனி ஃபைல்கள், பூட்டாத டிசிபி மூன்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், முடிந்தால் இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை மாட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். நண்பன் தன் படத்தின் வசன டிராக்கைத் தனியாக வைத்திருந்ததால்தான் அந்தப் பிரிவியூவுக்குப் பிறகு மூன்றே நாளில் 5.1 செய்ய முடிந்தது.